மறைந்தவர் குரலுக்கு உரியவர் யார்?

1877ஆம் ஆண்டில் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டறிந்தது முதல், இறந்தோரின் குரலைக் கேட்கும் பேறு மனிதருக்கு வாய்த்தது. மார்கழியில் மயிலைச் சபாக்களில் கச்சேரி கேட்டுத் திரும்பும் நம்மில் பலர், வீட்டில் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் பழைய பதிவையும் கேட்டு மகிழ்கிறோம். இதை யாரும் குறை சொல்வதில்லை. அவர் மனமொப்பிப் பாடியதையே அப்பதிவு காத்து வைத்திருக்கிறது.

2024 ஜனவரியில் வெளியான 'லால் சலாம்' படப்பாடல் ஒன்று வேறொரு கேள்வியை எழுப்பியது. ஏ.ஆர். ரகுமான் அமைத்த 'திமிறி எழுடா' பாடலில், 1990களில் மறைந்த சாகுல் ஹமீதும் 2022இல் மறைந்த பம்பா பாக்யாவும் பாடக் கேட்டோம். பழைய பதிவுகளிலிருந்து ஒருவரது குரலின் இயல்பைக் கற்றுக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவு, மற்றொருவர் பாடித் தருவதை அக்குரலாக மாற்றிவிடுகிறது.

இரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தனர். 1993இல் 'திருடா திருடா' படத்தின் 'ராசாத்தி' பாடலில் சாகுல் ஹமீதின் குரலுக்கு மனத்தைப் பறிகொடுத்தவர்களுள் சிலர் கண் கலங்கினர். சிலரோ, இறந்தவரை அவர் அறியாமலே பாட வைப்பது முறையோ என வருந்தினர். இரு குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாக ரகுமான் விளக்கினார்.

அதே மாதம் 25ஆம் நாள் பாடகி பவதாரிணி காலமானார். தியாகராய நகர் இல்லத்தில் இரசிகர்கள் அஞ்சலி செலுத்தினர். சில மாதங்களில், தம்பி யுவன் சங்கர் ராஜாவின் இசையில் 'சின்னச் சின்னக் கண்கள்' பாடலில் அவர் குரல் மீண்டும் ஒலித்தது. மறுபுறம், எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் ஒரு தெலுங்குப் படத்தில் தம் இசைவின்றி உருவாக்கப்பட்டதாகக் கூறி, அவர் குடும்பத்தார் சட்ட அறிவிப்பு அனுப்பினர்.

அனுமதி கேட்டதும் ஊதியம் கொடுத்ததும் நீதிக்குரிய செயல்களே. ஆயினும், பிள்ளைகள் சொத்துக்கு வாரிசாகலாம். தந்தையின் சம்மதத்துக்கு வாரிசாக முடியுமா? இந்தப் பாடலைப் பாடுவேன், இதைப் பாடமாட்டேன் என்று சொல்லும் உரிமை பாடகனோடு மறைகிறது. வாழும் கலைஞர்கள் உயில் எழுதுவதுபோல் தம் குரலைக் குறித்தும் எழுதி வைப்பது நலம்.

திருச்சபைக்கு இக்கேள்வி முற்றிலும் புதியதன்று. 1958இல் உரோமை வெளியிட்ட திருவழிபாட்டு இசை பற்றிய அறிவுரை, வழிபாட்டில் பாடகருக்குப் பதிலாக இசைத்தட்டையும் ஒலிநாடாவையும் பயன்படுத்தலாகாது என்றது. இறைவனுக்கு முன் நிற்க வேண்டியது உயிருள்ள மனிதன் என்பதே அதன் உட்பொருள். திருத்தந்தை பதினான்காம் லியோவும் 2026ஆம் ஆண்டு உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு, மனிதக் குரல்களையும் முகங்களையும் காப்பதையே கருப்பொருளாகத் தந்தார்.

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, நம்மவரின் குரலை ஒருமுறையேனும் கேட்க மாட்டோமா என்று நெஞ்சம் ஏங்கும். அந்த ஏக்கம் அன்பினால் வருவது, பழிக்கத்தக்கதன்று. ஆனால் அங்கு நாம் அவர்களுக்காக இறைவனிடம் கேட்பது இளைப்பாற்றியை. அதை அவர்களுக்கு நாமும் அளிக்க வேண்டாமா?