அருமண்: எதனால் அரியது?

'அருமண் தனிமங்கள்' என்னும் பெயரில் 'மண்' என்பது ஆக்சைடுகளைச் சுட்டிய பழைய ஐரோப்பிய வழக்கின் மொழிபெயர்ப்பு. 'அரு' என்பதைக் கிடைத்தற்கரியது எனக் கொள்வது பிழை. புவியோட்டில் சீரியம் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு உண்டு. பிரித்தற்கரியது என்பதே வரலாற்றோடு பொருந்தும். 1794இல் கடோலின் முதல் அருமண்ணை இனங்கண்டார். நிலைத்த அருமண் தனிமங்களில் இறுதியான லுட்டீசியம் 1907இல்தான் பிரித்தறியப்பட்டது.

1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து சென்ற தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. அன்று வேண்டப்பட்டது வாயுவிளக்கு மேண்டிலுக்கான தோரியமே. அருமண்ணின் பெயரைத் தாங்கிய இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் 1950இல் தோன்றியது.

மணல் நம்மிடம் உண்டு. அதிலுள்ள நியோடிமியத்தைப் பிரித்துக் காந்தமாக்குவதே இன்றும் அரிது. நம் கலைச்சொல் அகராதிகள் இப்பொருளையும் பதிவுசெய்தல் வேண்டும்.