மாத்தளை மலையும் மனித முழங்காலும்

மாத்தளையின் வரலாற்றை எழுத வந்தோர் 1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை எழுதினர். கோப்பி செழித்ததையும், 1869 இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்ததையும், 1880 இல் புகையிரதம் வந்ததையும் எழுதினர். அந்த மலைச் சரிவுகளில் ஏறியிறங்கிய முழங்கால்களின் வரலாற்றை எழுதியவரோ அரியர். அதனை இங்கே நாம் சிறிது ஆராய்வோம்.

பஞ்சமும் கடனும் துரத்தத் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக 100 மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் கால்நடையாகவே கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர். எஞ்சியோர் காடு திருத்தினர், கோப்பி நட்டனர். கோப்பி போய்த் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் வந்தன. பயிர்கள் மாறின, சரிவு மாறவில்லை, சுமையும் மாறவில்லை. ரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் கொழுந்துக் கூடையோடு சரிவில் இறங்கும் பெண்ணின் முழங்காலில் ஒரு நூற்றாண்டு உழைப்பின் பாரம் தங்கியிருக்கிறது.

மூட்டு என்பது என்ன? இரண்டு எலும்புகள் கூடுமிடத்தில் அவற்றின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே தேய்ந்தால் எளிதில் வளராது. படியிறங்கும்போது முழங்கால் தாங்குவது உடலின் எடையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. வயதும் உடற்பருமனும் பழைய காயமும் பரம்பரையும் தேய்வுக்குக் காரணங்களே. ஆயினும் பாரம் சுமத்தலும், மேடு ஏறலும், குந்தியிருந்து வேலை செய்தலும் அத்தேய்வை விரைவுபடுத்துகின்றன என்பதை மருத்துவ ஆராய்ச்சி ஏற்றுக்கொண்டுள்ளது. அப்படியிருக்க, உழைப்பாளியின் மூட்டுநோயை ‘விதி’ என்றும் ‘வயசுக் கோளாறு’ என்றும் சொல்லி முடித்துவிடுவது நியாயமாகுமா?

தோட்ட மக்களின் மருத்துவத் தேவைக்காக 1872 இலும் 1912 இலும் குடியேற்ற அரசு சட்டங்கள் இயற்றியது. 1916 இல் ராக்பெல்லர் அறநிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு முயற்சி இலங்கையில் தொடங்கியபோது, மாத்தளைத் தோட்டங்களே அதன் முதற்களங்களுள் ஒன்றாயின. வெறுங்காலின் தோல்வழியே உடலிற் புகுந்து இரத்தத்தை உறிஞ்சும் இப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறியது. ஆனால் மலசலகூடம் இல்லாத லயத்திற்கே தொழிலாளி திரும்பினான். புழுவும் அவனிடம் திரும்பிற்று. மலசலகூடம் கட்டும் செலவை ஏற்கத் தோட்ட முதலாளிகள் பலர் தயங்கினர். மருந்து நோயைத் தீர்க்கும். வாழும் நிலை அந்நோயை மீண்டும் அழைக்கும். அன்று மாத்தளை கற்பித்த இந்தப் பாடத்தை நாம் மறத்தலாகாது.

விஞ்ஞானம் நிற்கவில்லை. இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்துத் தோல்வி கண்டார். பின்னர் 1962 இல் பொலித்தீன் கிண்ணமும் உலோகப் பந்தும் வைத்து வெற்றி கண்டார். அடுத்த பத்தாண்டுகளில் முழங்காலும் மாற்றத்தக்கதாயிற்று. இன்று பொருத்தப்படும் செயற்கை முழங்கால்களில் பத்தில் எட்டு 25 ஆண்டுகள் நிலைப்பதாகப் பலநாட்டுப் பதிவுகள் காட்டுகின்றன.

ஆனால் சத்திரசிகிச்சை கடைசிப் படி. தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும் கைத்தடியும் மருந்தும் அதற்கு முன்னே நிற்பவை. அவற்றால் தீராதபோதே கத்தி. அதற்கும் ஆயத்தம் வேண்டும். இரத்தச்சோகை, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சீர்செய்தல், பல்லிலோ தோலிலோ கிருமித்தொற்று இருப்பின் முதலில் தீர்த்தல், புகைப்பதை நிறுத்தல், நாட்டுமருந்து உட்பட உண்ணும் மருந்தனைத்தையும் வைத்தியரிடம் சொல்லுதல், தொடைத்தசைக்கு முன்கூட்டியே பயிற்சி அளித்தல் என்பன அவ்வாயத்தங்கள். சிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்வார்கள், அஞ்ச வேண்டியதில்லை. கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, புண்ணில் நீர் கசிந்தாலோ தாமதமின்றி வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். இயல்பான நடமாட்டத்திற்குச் சுமார் மூன்று மாதம். முழுப்பலன் கிட்ட ஓராண்டும் ஆகலாம்.

இங்கேதான் கேள்வி எழுகிறது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. அது இந்நாட்டு மக்களின் பெருஞ் செல்வம். ஆனால் மூன்று மாத ஓய்வுக்கு யார் கூலி கொடுப்பது? ‘பேர்’ போட்டால்தான் சம்பளம் என்ற கணக்கில் வாழும் பெண் வீட்டில் எப்படிப் படுத்திருப்பாள்? புது முழங்காலோடு குந்தி எழுதல் கடினம். அவளுக்கு உயர்ந்த இருக்கையுள்ள மலசலகூடம் தேவை. 10 அடிக்கு 12 அடி லய அறையிலே, வழுக்கும் படிக்கட்டுகளுக்கு மேலே, அதை எங்கே வைப்பது? 1916 இல் புழுவைத் திரும்ப அழைத்த அதே குறைதான் இன்று புது மூட்டையும் தோற்கடிக்கக் காத்திருக்கிறது.

ஆகவே, மூட்டுநோய்க்கான வைத்தியம் வைத்தியசாலையோடு முடிவதில்லை. சுமைக்கு அளவு, ஓய்வுக்குக் கூலி, மனிதர் வாழத்தக்க வீடு, பிடித்து நடக்க ஒரு கைப்பிடி என்ற இவையும் மருந்துகளே. ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை லயங்கள் தோறும் எடுத்துச் சொல்லட்டும். மலையைத் தாங்கிய கால்கள் நிமிர்ந்து நடக்க உரிமை உடையவை. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவது நம் அனைவரின் கடன்.