கொழுந்தும் கணிப்பொறியும்

உழைக்கும் மக்களின் வாழ்விலிருந்து விலகி நின்று எந்த விஞ்ஞானமும் பிறந்ததில்லை. கணிப்பொறியின் வரலாறும் இவ்வுண்மைக்கு விலக்கன்று. எண்ணும் இயந்திரத்தைப் பற்றி எழுதுவோர் பாஸ்கலையும் லைப்னிற்சையும் பாபேஜையும் போற்றுவர். அது தகும். ஆனால், அட்டனிலும் நுவரெலியாவிலும் பனியில் நின்று கொழுந்து பறித்த கரங்களுக்கும் அவ்வரலாற்றோடு தொடர்புண்டு என்பதைச் சொல்வோர் அரியர். அத்தொடர்பையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் புரோனி என்ற பொறியியலாளர் மாபெரும் கணித அட்டவணைகளைத் தயாரிக்கும் பணியை ஏற்றார். கணித மேதைகள் சிலர் வழிவகுத்தனர். கூட்டலும் கழித்தலும் மட்டுமே அறிந்த பலர் அட்டவணைகளை நிரப்பினர். மூளை உழைப்பையும் கூறு கூறாகப் பிரிக்கலாம் என்ற பாடத்தை இதிலிருந்து கற்றார், இங்கிலாந்தின் சார்ல்ஸ் பாபேஜ். 1822இல் தமது கணித இயந்திரத்தின் சிறு மாதிரியை அவர் காட்டினார். 1832இல் இயந்திரங்களின் பொருளாதாரம் பற்றி எழுதிய நூலில், புரோனியின் முறையைத் தொழிற்சாலை வேலைப் பிரிவினையோடு ஒப்பிட்டார். ஆக, எண்ணும் இயந்திரம் ஆரம்பத்திலேயே ஆலையின் தங்கையாகத்தான் தோன்றியது.

நம் மலையகத்தில் ஆலையும் இருந்தது, எண்ணிக்கையும் இருந்தது. இயந்திரம் மட்டும் இல்லை. 1867இல் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, மலைகள் தேயிலைக்கு மாறின. தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட மக்கள் விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நிறுத்தி எண்ணப்பட்டனர். செக்குரோல் ஏட்டில் கணக்கப்பிள்ளை இடும் கோடுகளே அவர்களது தலைவிதியாயின. ஒரு நாள் உழைப்புக்கு ஒரு ‘பேர்’; குறை கண்டால் ‘அரைப்பேர்’. வேலைக்கு வந்த தலைகளை எண்ணிக் கங்காணிக்குப் ‘பென்ஸ் காசு’. அரிசிக்கும், சலவைக்கும், சவரத்துக்கும், முற்பணத்துக்கும் தனித்தனிக் கழிவுகள். மனிதனை எண்ணாக மாற்றும் வித்தையைத் தோட்டத்துரை மின்சாரமின்றியே கற்றிருந்தான்!

இவ்வித்தையின் உச்சம் ‘துண்டு’ முறை. தொழிலாளியின் கடன் தொகையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அத்தொகையைச் செலுத்தும் தோட்டத்துக்கு அவனை விடுவிப்பார்கள். காகிதத்தில் இருந்தது எண். கைமாறியது மனித உயிர். 1921இல்தான் சட்டம் இம்முறையை ஒழித்தது. பின்னர், 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என நாட்கூலி வகுக்கப்பட்டது. கூடை சுமந்தவளே மிகுதியாயினும் கணக்கு அவளைக் குறைத்தே மதித்தது.

இனி, கொழுந்து சென்ற திசையிலே நாமும் செல்வோம். இலங்கை, இந்தியத் தேயிலைகளைக் கலந்து விற்றுக் கொழித்த இலண்டன் கம்பெனிகளுள் ஒன்று லயன்ஸ். 1894இல் அது முதல் தேநீர்க்கடையைத் திறந்தது. கடைகள் பெருகின, அற்பக் காசுக் கணக்குகள் மலையாய்க் குவிந்தன. ஒரு கோப்பை தேநீரின் இலாபம் மிகச் சிறிது. அதைக் கணக்கிடும் குமாஸ்தாவின் செலவோ பெரிது. நிர்வாகி ஜோன் சிமன்ஸ் இதற்கு வழி தேடினார். 1947இல் அவரது உதவியாளர் இருவர் அமெரிக்கா சென்று புதிய மின்னணுப் பொறிகளைப் பார்த்து வந்தனர். கேம்பிரிட்ஜில் மொரிஸ் வில்க்ஸ் அமைத்துக்கொண்டிருந்த ‘எட்சாக்’ பொறிக்கு லயன்ஸ் 3,000 பவுண் வழங்கியது. எட்சாக் 1949 மே மாதத்தில் இயங்கியது. அதைப் பின்பற்றி ஜோன் பிங்கர்ட்டன் அமைத்த பொறியே ‘லியோ’. ஏறத்தாழ 6,000 வால்வுகள். பாதரசக் குழாய்களில் ஒலியலையாய்ச் சுழலும் நினைவகம். 1951 நவம்பரில் அது ரொட்டிச்சாலைக் கணக்கைச் செய்து முடித்தது. வணிக அலுவலகத்தின் அன்றாட வேலையை உலகில் முதன்முதலாக ஏற்ற கணிப்பொறி இதுவே. தேயிலை விற்ற பணமே அதற்கு உரமாயிற்று. பின்னாளில் தேயிலைக் கலவைக் கணக்கும் அதன் வேலைகளுள் ஒன்றாயிற்று.

1954 முதல் லியோ சம்பளக் கணக்கையும் ஏற்றது. தேர்ந்த குமாஸ்தாவுக்கு ஒரு தொழிலாளியின் கணக்கை முடிக்க 8 நிமிடம். லியோவுக்கு ஒன்றரை வினாடி. மானுட அறிவின் மகத்தான வெற்றி இது. இதைக் குறைத்துப் பேசுவது பேதைமை. ஆனால், ஒன்றரை வினாடியில் கணக்கிட்டாலும் எட்டு நிமிடத்தில் கணக்கிட்டாலும், கூலி எவ்வளவு என்பதைப் பொறி தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது சமுதாயம்.

இலண்டனில் தேயிலைக் கணக்குக்குப் பொறி பிறந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கு நடந்தது என்ன? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும், அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் தோட்டத் தொழிலாளர் நாட்டின் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டனர். 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 மக்களைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேர் ‘பிறகு பார்ப்போம்’ என்ற மீதி. அம்மக்களுள் ஒருவரையும் கேட்டுப் போட்ட கணக்கல்ல இது. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984இல் வந்தது. நாட்கூலி 1,000 ரூபா என்ற கோரிக்கை நெடும் போராட்டத்தின் பின் 2021இல் சட்டமாயிற்று. இவற்றை எந்த இயந்திரமும் பெற்றுத் தரவில்லை. ஒன்றுபட்ட மனிதரே பெற்றனர்.

இன்று சில தோட்டங்களில் மின்னணுத் தராசு கொழுந்தை நிறுக்கிறது. நல்லதே. ஆனால், ஈரத்துக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழிப்பது என்று அத்தராசுக்குச் சொல்லிக் கொடுப்பவர் யார்? கழிவைக் கண்டு கேட்கும் உரிமை கூடைக்காரிக்கு உண்டா? கணிப்பொறி யுகத்தில் நாம் எழுப்பவேண்டிய வினா இதுதான். எண்ணப்படும் மக்கள், எண்ணுகிறவர்களாகவும் மாறவேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் கணிதம் கற்கட்டும். பொறியை இயக்கக் கற்கட்டும். செக்குரோலைத் தாமே படித்துப் பிழை காணட்டும். தேயிலையால் பிறந்த அறிவு தேயிலைத் தொழிலாளிக்கும் உரியது. அந்தப் பழைய கடன் இன்னும் தீர்க்கப்படவில்லை.