உபதேசியார் நடந்த மலைப்பாதை

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக மேலேறினால் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில் மடுல்கெல்ல வருகிறது. தேயிலைத் தோட்டங்களும் அவற்றிடையே லயன் வரிசைகளுமே இப்பகுதியின் முகம். இத்தகைய மலைகளில் அங்கிலிக்கன் திருச்சபையை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தாங்கியவர் யாவர் என்று கேட்டால், பலரும் வெள்ளைக்கார மிஷனரிமாரின் பெயர்களையே சொல்வர். குருப்பட்டம் பெறாத எளிய மனிதர்களைச் சொல்வோர் சிலரே.

சி.எம்.எஸ். சங்கத்தார் 1818இல் இலங்கைக்கு வந்தனர். பின்னர் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த தொழிலாளருள் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களும் இருந்தனர். 1854இல் கண்டியை மையமாகக் கொண்டு ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கப்பட்டது. அக்காலத்தின் பார்வையை அந்தப் பெயரே காட்டிவிடுகிறது. மிஷனரியின் செலவைச் சங்கம் ஏற்றது. உபதேசியார்களின் சம்பளத்துக்குத் தோட்டத் துரைமார் சந்தா கொடுத்தனர்.

உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்தே அழைக்கப்பட்டனர். அங்கே 1820 முதல் ரேனியஸ் ஐயர் உபதேசியார்களைப் பயிற்றுவித்து ஊர் ஊராகச் சபைகளை வளர்த்திருந்தார். அந்த அனுபவம் மலையகத்துக்கு முதலாயிற்று. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் மக்களைப் பகலில் சந்திக்க இயலாது. மாலையில் லயத்து வாசலில் விளக்கு வைத்து எழுத்தும் ஜெபமும் கற்பிப்பதே உபதேசியாரின் பணியாயிற்று.

ஆனால் இந்த ஏற்பாட்டில் இரண்டு குறைகள் இருந்தன.

முதலாவது, படியளந்தவர் துரை. கங்காணியின் கடன் கணக்கில் சிக்கிய தொழிலாளியின் துயரம் உபதேசியாருக்குத் தெரியும். சம்பளம் தருபவரிடம் அதை எடுத்துச் சொல்வது எளிதன்று. போதாக்குறைக்கு, 1869இல் கோப்பி இலைநோய் கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிர் அழிந்து தேயிலை வந்தது. துரைமாரின் வருமானத்தை நம்பி நடந்த ஊழியத்துக்கு உறுதியான அடித்தளம் எங்கே இருக்கும்?

இரண்டாவது, அதிகாரம். காலை, மாலை ஜெபங்களைக் குருவல்லாதவரும் நடத்தலாம். நற்கருணைக்கோ குருவானவர் வந்தாக வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபை, குருப்பட்டம் பெறாத ‘வாசகர்’ என்னும் பதவிக்கு மீண்டும் உயிர்கொடுத்தது 1866இல்தான். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே நம் மலைகளில் அதற்கொத்த பணி தொடங்கிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இக்குறைகளுக்கு விடை தேடியவர் திருநெல்வேலித் தமிழரான வேதநாயகம் அசரியா. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தில் ஊழியரை அனுப்பியதை 1902இல் நேரில் கண்டார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. 1912இல் தோர்ணக்கல் பேராயரான பின்னர், திருமுழுக்குப் பெறும் ஒவ்வொருவரையும் நற்செய்தியை அறிவிப்பதாக உறுதிகூறச் செய்தார். சாட்சி பகர்வது சபையார் அனைவரின் கடமை என்பது அவர் கொள்கை.

மலையகத்தில் சபையார் வேரூன்றவே விடப்படவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. குடும்பங்கள் பிரிந்தபோது சபைகளும் பிரிந்தன. இத்தனைக்கும் நடுவில் திருச்சபை சில நல்ல அடிகளையும் எடுத்து வைத்தது. 1950இல் கண்டியையும் உள்ளடக்கிய குருநாகல் மறைமாவட்டம் அமைந்தது. 1963இல் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரி தோன்றி, சிங்களத்திலும் தமிழிலும் இறையியலைக் கற்பிக்கலாயிற்று.

2016இல் லுசாக்காவில் கூடிய உலக அங்கிலிக்கன் ஆலோசனை மன்றம், சபையார் ஒவ்வொருவரும் அன்றாட வாழ்வில் சீடராக வாழ வழிகாட்டும்படி திருச்சபைகளைக் கேட்டுக்கொண்டது. மலையகத்துக்கு இது புதிய செய்தியன்று. ஆர்வத்துக்கு இங்கு என்றும் பஞ்சமில்லை. தாய்மொழியில் பயிற்சியும், முறையான அங்கீகாரமும், முடிவெடுக்கும் அவையில் இடமுமே குறைவாகக் கிடைத்தன.

நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வேதம் வாசிக்கும் பெண்ணுக்கு அவை மூன்றும் கிடைக்கட்டும். உபதேசியார் நடந்த பாதையை அவள் தொடர்வாள்.