சொன்னவர் யார்?



ஒருநாள் இரவு 11 மணிக்கு வீடு திரும்பிய மகளிடம், "வெள்ளன வந்திட்டாய் பிள்ளை" என்றேன். "தாங்ஸ் அப்பா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். என்னுடைய நக்கல் அவளுக்கு விளங்கவில்லை.

பின்னாளில் 'றொபின்சன் குரூசோ' எழுதிப் புகழ்பெற்ற டானியல் டீஃபோவுக்கும் இப்படி நடந்தது. அவர் 1692இல் வியாபாரத்தில் முறிந்தவர் என்பது, கணக்காளனான எனக்கு மறக்காத செய்தி. இங்கிலாந்தின் அரச திருச்சபையில் சேராத கிறிஸ்தவர்களில் அவரும் ஒருவர். அவர்களை ஒடுக்கக் கேட்கும் குரல்கள் ஓங்கியிருந்த 1702 டிசம்பரில், பெயர் போடாமல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். "இவர்களை நாடு கடத்துங்கள், போதகர்களைத் தூக்கிலிடுங்கள்" என்பதே அதன் சாரம். எதிராளியின் குரலில் பேசி, அந்தக் குரலின் கொடுமையைக் காட்ட நினைத்தார்.

ஆனால் அப்படி மெய்யாகவே நினைப்பவர்கள் அன்று இருந்தார்கள். அவர்களிற் சிலர் நூலை மெச்சினார்கள். டீஃபோவின் சொந்த ஆட்கள் பயந்தார்கள். எழுதியவர் யாரென்று தெரிந்ததும் அதே சொற்களின் பொருள் தலைகீழானது. நாடாளுமன்றம் நூலை எரிக்கச் சொன்னது. 1703 ஜூலையில் மூன்று நாட்கள், லண்டனில் மரச்சட்டத்தில் பூட்டப்பட்டுச் சனங்களின் முன் நின்றார்.

"திருப்பி அனுப்புங்கள்" என்று யாராவது பகிடிக்குச் சொன்னாலும் எங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை. காரணம் இதுதான். சொல்பவரின் மனம் தெரிந்தால்தான் நக்கல் விளங்கும்.

மகளிலும் பிழையில்லை. வேலையும் வானொலியும் போக, அவளோடு இருந்து நான் கதைத்த நேரம் குறைவு.