திண்டுக்கல் ஒப்பந்தம்: பணியிடச் சாதிக்கு ஒரு கடிவாளம்

புகார் அளித்தால் வேலை பறிபோகும் என்ற அச்சம் நிலவும் இடத்தில், பணியாளரின் ஈடுபாடு குறித்துப் பேசுவது வெற்றுரை என்றே நாம் கருதுகிறோம்.

சட்டத்தில் ஓர் இடைவெளி உள்ளது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில், பாலியல் துன்புறுத்தலை விசாரிக்கும் உள்ளகக் குழுவை 2013ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்குகிறது. தனியார் நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டை விசாரிக்க அத்தகைய குழு எதையும் சட்டம் கோரவில்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ குற்றவியல் சட்டம். சாதி இழிவு பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நிகழ்ந்ததென மெய்ப்பிக்க வேண்டும். பதவி உயர்வு மறுப்பு போன்ற அன்றாட ஒதுக்கல்கள் பெரும்பாலும் அதன் பிடியிலிருந்து நழுவிவிடுகின்றன.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலையொன்றின் தலித் பெண் தொழிலாளர் கொல்லப்பட்டார்; மேற்பார்வையாளர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அதைத் தொடர்ந்த போராட்டத்தின் விளைவாக, 2022 ஏப்ரலில் தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் ஒப்பந்தம் செய்தன. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் நிறுவனங்களும் இதனுடன் பிணைக்கப்பட்டன.

இதன் வலிமை மூன்று கூறுகளில் உள்ளது:

1. பாலின வன்முறையோடு சாதிப் பாகுபாடும் வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டது.
2. தொழிலாளர்களே பயிற்சி பெற்று உற்பத்திக் கூடக் கண்காணிப்பாளர்களாயினர், பழிவாங்கல் தடுக்கப்பட்டது.
3. ஆலை மீறினால், வாங்கும் நிறுவனங்கள் வணிக நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவை.

நல்லெண்ணப் பயிற்சி வகுப்புகளில் இல்லாதது இந்த மூன்றாம் கூறே. மீறலுக்கு விலை உண்டு என்ற நிலையில்தான் பணியிடப் பண்பாடு மாறும். சங்கங்களின் பேச்சுவார்த்தைக் கோரிக்கைகளில் இம்மூன்றும் இடம்பெற வேண்டும்.