எண்ணச் சுழற்சி நோய்: மூளைசார் விளக்கங்கள்

வேண்டாத எண்ணம் ஒன்று விடாமல் மனத்தில் நுழைவதும், அது கிளப்பும் பதற்றம் அடங்குவதற்காக ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதுமாக அமையும் மனநோய் எண்ணச் சுழற்சி நோய். மருத்துவமனைகளில் ஓசிடி என்பார்கள். தோல் உரியும்வரை கை கழுவுவது, கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று இருபது தடவை போய்ப் பார்ப்பது, சாமி படத்தின் முன் நிற்கையில் வரும் தகாத நினைப்பை அழிக்க மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருப்பது ஆகியவை பரவலாகக் காணப்படும் வடிவங்கள். நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இந்நோய் வருகிறது. பலருக்குப் பதின்வயதிலோ இருபதுகளிலோ தொடங்கிவிடுகிறது.

சிலிண்டர் மூடியிருப்பது நோயாளிக்குத் தெரியும். கண்ணால் பார்த்துவிட்டார், கையால் திருகியும் பார்த்துவிட்டார். ஆனால் பார்த்தாயிற்று, இனிப் போகலாம் என்ற நிறைவு மட்டும் உள்ளே வருவதில்லை. அறிவு சொல்வதற்கும் உணர்வு சொல்வதற்கும் இடையே விழுந்த இந்தப் பிளவு எங்கிருந்து வருகிறது என்பதே மூளை ஆய்வு எடுத்துக்கொண்ட கேள்வி. ‘மனசைக் கட்டுப்படுத்தத் தெரியலை’ என்று வீட்டார் ஆண்டுக்கணக்கில் திட்டியதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே ஒரு நியாயம்.

1909இல் சிக்மண்ட் பிராய்டு, ‘எலி மனிதர்’ என்று பின்னர் பெயர்பெற்ற நோயாளியின் வரலாற்றை எழுதி, நோயின் வேரைக் குழந்தைப் பருவ மனப்போராட்டத்தில் தேடினார். சில ஆண்டுகளிலேயே வேறொரு திசையிலிருந்து தடயம் கிடைத்தது. 1917இல் வியன்னாவில் கான்ஸ்டன்டின் வான் எக்கனாமோ உறக்க மூளைக்காய்ச்சலை விவரித்தார். அதில் பிழைத்தவர்களில் பலருக்குப் பின்னாளில் உடல் விறைத்தது, கை நடுங்கியது. சிலருக்கு எண்ணுவதும் சொன்ன சொல்லையே சொல்வதும் கட்டாயமாக ஒட்டிக்கொண்டன. வாதக் காய்ச்சலை அடுத்துக் குழந்தைகளுக்கு வரும் சிடன்ஹாம் வலிப்பாட்ட நோயிலும் கை கால்கள் தாமாகத் துள்ளுவதோடு ஓசிடி அறிகுறிகள் சேர்ந்து வருவதுண்டு. இவ்விரு நோய்களிலும் கோளாறு காண்பது மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள நரம்பு முடிச்சுகளில். தொண்டையைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் இந்த முடிச்சுகளையும் தாக்குவதால் சில குழந்தைகளுக்குத் திடீரென ஓசிடி தொடங்கலாம் என்று சூசன் ஸ்வீடோ குழுவினர் 1998இல் முன்வைத்தனர். அதன் மீதான விவாதம் இன்னும் அடங்கவில்லை.

இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம் ஒரு சுற்றுப்பாதையைப் பற்றியது. கண்குழிக்கு நேர் மேலே உள்ள முன்மூளைப் புறணி, எது நல்லது எது ஆபத்து என்று மதிப்பிட்டு, ஏதோ சரியில்லை என்னும் செய்தியை அனுப்புகிறது. செய்தி அடித்தள முடிச்சுகளில் ஒன்றான காடேட்டுக்குப் போய், தலாமஸ் வழியாக மீண்டும் புறணிக்கே திரும்புகிறது. காடேட் ஏரி மதகைப் போன்றது. அதிலிருந்து கிளம்பும் நேர்வழி மதகைத் திறக்கும், மறைவழி அடைக்கும். ஓசிடியில் திறக்கும் வழி ஓங்கிவிடுவதால், ஒரு முறை பார்த்ததும் அடங்கியிருக்க வேண்டிய எச்சரிக்கை அடங்காமல் சுற்றிச் சுற்றி வருகிறது என்பது இந்த மாதிரியின் சாரம்.

இதற்கு வலுவான சான்று பெட் ஸ்கேன் வழியே வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர், நோயாளிகளின் கண்குழிமேல் புறணியும் காடேட்டும் வழக்கத்தைவிட அதிகமாகக் குளுக்கோஸைச் செலவழிப்பதை 1987இல் காட்டினர். 1992இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு அதைவிட முக்கியமானது. நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு புளூயாக்ஸிட்டின் மாத்திரை, மற்றொரு பிரிவினருக்கு மருந்தில்லாத நடத்தைச் சிகிச்சை. ஏறத்தாழ பத்து வாரங்களுக்குப் பின் குணம் கண்டவர்களின் வலது காடேட் இரு பிரிவிலும் தணிந்திருந்தது. ஆய்வு சிறியதுதான். ஆனாலும் மூளை நோய் என்றால் மாத்திரை மட்டுமே வழி என்ற எண்ணத்தை அது அசைத்தது. அழுக்கைத் தொட வைத்து, கை கழுவாமல் பதற்றம் தானாக இறங்கும்வரை காத்திருக்கப் பழக்கும் இந்தச் சிகிச்சையை விக்டர் மேயர் 1966இல் லண்டனில் விவரித்திருந்தார். பேச்சும் பயிற்சியும் மூளையின் இயக்கத்தையே மாற்றக்கூடும் என்பதற்கு இவ்வளவு தெளிவான காட்சி மனநோய் ஆய்வில் அரிது.

நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரட்டோனின் பற்றிய கருதுகோள் மருந்திலிருந்து பிறந்தது. 1960களின் இறுதியில் குளோமிப்ரமின் என்னும் மனச்சோர்வு மருந்து ஓசிடிக்குப் பலன் தருவதை ஸ்பெயின் மருத்துவர்கள் கண்டனர். செரட்டோனினை அந்த அளவுக்குத் தூண்டாத பிற மனச்சோர்வு மருந்துகள் ஓசிடியில் பெரிதாக உதவவில்லை. ஆனால் மருந்து நரம்பு இணைப்பில் சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிட, நோய் தணிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகிறது. மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவும் பெரும்பாலும் தேவைப்படுகிறது. ஆகவே செரட்டோனின் குறைவுதான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

மற்றொரு செய்திகடத்தியான குளூட்டமேட் பக்கம் கவனத்தைத் திருப்பியவை எலிகள். 2007இல் டியூக் பல்கலைக்கழகத்தில் குவோபிங் ஃபெங் குழுவினர், குளூட்டமேட் இணைப்புகளுக்குத் தேவையான சாப்பாப்3 மரபணுவை நீக்கிய சுண்டெலிகள், முகம் புண்ணாகும்வரை தம்மைத் துடைத்துக்கொண்டதைக் கண்டனர். காடேட் அடங்கிய ஸ்ட்ரையேட்டம் பகுதியில் மட்டும் மரபணுவைத் திரும்பச் சேர்த்தபோது அந்தச் செய்கை நின்றது. 2013இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் படத்தைச் சிக்கலாக்கின. கண்குழிமேல் புறணியிலிருந்து ஸ்ட்ரையேட்டத்துக்கு வரும் இழைகளை ஒளியால் நாள்தோறும் தூண்டியபோது ஓர் ஆய்வில் துடைக்கும் பழக்கம் உண்டானது. அதே புறணியின் பக்கப்பகுதி இழைகளைத் தூண்டிய மற்றோர் ஆய்வில், சாப்பாப்3 இல்லாத எலிகளின் அளவுமீறிய துடைப்பு குறைந்தது. புறணி முழுதும் ஒன்றாகச் சூடேறுகிறது என்னும் பழைய படம் போதாது என்பதை இவை உணர்த்தின.

கேம்பிரிட்ஜில் கிளேர் கில்லன், டிரெவர் ராபின்ஸ் குழுவினர் 2011இல் வேறு கோணத்தில் அணுகினர். ஒரு செயலால் இனிப் பயனில்லை என்று தெரிந்த பிறகும் ஓசிடி உள்ளவர்கள் பழகிய செயலையே தொடர்ந்தனர். இதன்படி கட்டாயச் செய்கை முதலில் பழக்கமாக ஊன்றிவிட, அச்ச எண்ணம் அதற்குக் காரணமாகப் பின்னால் வந்து சேரவும் கூடும். நூற்றாண்டுக் கருத்தின் வரிசையையே இது புரட்டிப்போடுகிறது.

தவறு செய்தபின் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் மூளையில் எழும் பிழை மின் அலையும் ஓசிடி உள்ளவர்களிடம் பெரிதாக இருக்கிறது. சிகிச்சையால் நலமடைந்த பின்னும், நோயே வராத நெருங்கிய உறவினர்களிடமும் அப்படியே காணப்படுவதால், பிறவியிலேயே அமையும் நாட்டத்தின் அடையாளமாக அதைக் கருதுகிறார்கள். இரட்டையர் ஆய்வுகளும் மரபின் பங்கை உறுதிசெய்கின்றன.

எதற்கும் மசியாத கடும் நோய்க்கு, சுற்றுப்பாதையை நேரடியாகத் தொடும் முறைகள் உள்ளன. மூளைக்குள் மின்முனை பதிக்கும் ஆழ்மூளைத் தூண்டலை பெல்ஜியத்தின் லூவனில் பார்ட் நட்டின் குழுவினர் 1999இல் அறிவித்தனர். அமெரிக்க மருந்து ஆணையம் 2009இல் அதற்கு வரம்புக்குட்பட்ட அனுமதி தந்தது.

இவ்வளவு ஸ்கேன்களுக்குப் பிறகும், தனியொருவரின் ஸ்கேனை வைத்து அவருக்கு ஓசிடி என்று சொல்ல முடியாது. குழுக்களுக்கிடையே தெரியும் வேறுபாடு ஆளுக்கு ஆள் மங்கிவிடுகிறது. கடுமையை அளக்க 1989இல் வெய்ன் குட்மன் குழுவினர் வகுத்த யேல்-பிரவுன் அளவுகோலே இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். இந்த எண்ணம் ஒரு நாளில் உங்கள் எத்தனை மணி நேரத்தைத் தின்கிறது என்பது அதன் முதல் கேள்வி.